சேலத்துக்கு மருமகளாக வந்து பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு

மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஈப்போவிலிருந்து வந்தவள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது இங்கே வழக்கம். என்னைக் கூட்டிப்போக ஆள் இல்லை. கை நிறைய வளையலோடு மாமியார் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் அழ ஆரம்பித்தேன். பிரசவத்துக்கு முன்பே மனச்சோர்வு வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கர்ப்பம் உறுதியானதும் சுகாதார செவிலியரிடம் பிக்மி என்ற தமிழக அரசின் கர்ப்பப் பதிவைச் செய்துவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். அப்போதே, "எனக்கு இங்கே அம்மா வீடு இல்லைங்க" என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவது பலருக்கும் உண்டு. 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராவிட்டால், குழந்தையிடம் ஒட்டுதலே வராவிட்டால், அதை மனச்சோர்வாக நினைத்து மருத்துவரைப் பாருங்கள். 10 தாய்மாரில் ஒருவருக்காவது வருவதுதான். "பச்ச உடம்புக்காரி அழக்கூடாது கண்ணு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பாசம்தான், ஆனால் அடக்கிவைத்தால் குணமாகாது.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஏற்காட்டில் இருப்பவர்கள் பச்சை உடம்போடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்கு முன் இதில் தொடங்கலாம். நேரில் பார்க்க, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு ஏற்ற மாத்திரைகள் உண்டு. பேசியே குணமாகிறவர்களும் உண்டு.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. இரவெல்லாம் தூங்காமல், காதில் குரல் கேட்கிறது என்றோ குழந்தையைப் பற்றி விபரீதமாகவோ தாய் பேசினால், காத்துக்கருப்பு என்று கயிறு கட்டிக்கொண்டிருக்காதீர்கள். 1,000 பேரில் ஒருவர் இருவருக்கு வரும் நோய் அது, குணமாகக்கூடியது. அன்றே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குழந்தையைப் பிரிக்காமல் தாயோடு சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கிறது, இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர்.

அப்புறம் அப்பாக்கள். அவர்களுக்கும் மனச்சோர்வு வரும், யாரும் கேட்பதில்லை. என் கணவர் எனக்காக 14416-ஐக் கூப்பிட்டார். என்னைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்களாம். அரைமணி நேரம் மொட்டைமாடியில் நின்று பேசிவிட்டு வந்தார்.