சிக்னல் இல்லாத காட்டில் காளானைப் பார்த்தால்

மழைக்காலத்தில் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் மலையேறப் போகிறீர்களா? பார்த்த காளானை அன்றைக்கே சமைத்துச் சாப்பிடும் யோசனை இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். நெட் இல்லாத இடத்தில் நம்மால் முடிவது, அது எந்த வகையாக இருக்கும் என்று ஓரளவு ஊகிப்பதும், ஊருக்கு வந்தபின் விஷயம் தெரிந்தவர் பெயர் சொல்லும் அளவுக்குத் தடயம் சேர்ப்பதும்தான்.

குடையின் நிறத்தை நம்பாதீர்கள். இந்த மலைகளின் பைன் தோப்புகளில் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் காளான் முளைக்கும், அமானிட்டா மஸ்காரியா, விஷம். ஒரு நல்ல மழை அடித்தால் புள்ளிகள் கழுவிக்கொண்டு போய்விடும், சிவப்பும் வெளுத்து ஆரஞ்சாகிவிடும், அப்புறம் படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்கும். ஆனால் அது பைன் வேரோடு சேர்ந்து வாழ்வது என்பது மாறாது. அதனால் பக்கத்தில் என்ன மரம், முளைத்திருப்பது மண்ணிலா, மட்கிய கட்டையிலா, சாணத்திலா, கரையான் புற்றிலா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடிப்பகுதி. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். தண்டைப் பிடித்து இழுத்தால் முக்கியமான தடயம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், குச்சியால் சுற்றித் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அடியில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு பை, தண்டில் வளையம், குடைக்குக் கீழே வெள்ளை மடிப்புகள், இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அமானிட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் காளான் தின்று இறப்பவர்களில் பெரும்பாலானோரைக் கொல்வது இந்த இனம்தான். நம் ஊர்ப் புற்றுக்காளானுக்கு அடியில் பை இருக்காது, தண்டு வேர் மாதிரி நீண்டு கரையான் கூடு வரைக்கும் இறங்கும், குடையின் நடுவில் ஒரு முனை தூக்கலாக இருக்கும். குடை விரியாத வெள்ளை உருண்டையாக இருந்தால் மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே குட்டிக் குடையும் தண்டும் கோடாகத் தெரிந்தால் அது உருண்டைக் காளான் அல்ல, விரியாத அமானிட்டாவாக இருக்கலாம்.

தொட்டால் விஷம் ஏறாது, பயப்பட வேண்டாம். ஆனால் சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் எதையும் பறிப்பது குற்றம். அங்கே மேலே, பக்கவாட்டில், குடைக்குக் கீழே, சுற்றியுள்ள இடம் என்று போட்டோ மட்டும் எடுங்கள், அளவுக்கு ஒரு நாணயம் வைத்து.

பறிக்கலாம் என்ற இடத்தில் பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும், காகிதத்தில் சுற்றுங்கள். ராத்திரி குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்பாக உள்ள காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரால் மூடிவைத்தால் காலையில் ஸ்போர் தூள், அதாவது காளானின் விதை மாதிரியான தூள், படிந்திருக்கும், அதன் நிறம் ஒரு தடயம். புல்வெளியில் முளைத்த பெரிய வெள்ளைக் குடை மங்கிய பச்சைத் தூள் விட்டால் அது குளோரோஃபில்லம், வாந்தியும் பேதியுமாகப் படுக்க வைத்துவிடும். இளசாக இருக்கும்போது அதன் மடிப்புகளும் வெள்ளைதான் என்பதால் தூளைப் பார்க்காமல் சொல்வது கஷ்டம். கொத்தாக முளைத்தவற்றில் மேல்குடையின் தூள் கீழ்க்குடை மேல் விழுந்திருக்கும், பறிக்காமலேயே நிறம் தெரிந்துவிடும்.

கேமராவில் காட்டினால் பெயரை ஊகித்துச் சொல்லும் சீக் என்ற ஆப்பைக் கிளம்புமுன் இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் அது சொல்வதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விஷக் காளானோடு சேர்த்து வேகவைத்தால் வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், நத்தை தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் உயிரோடு விளையாடுவது. அமானிட்டாவின் கொடிய விஷம் வேகவைத்தாலும் போகாது.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 6 மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆரம்பிக்கும் வாந்தி பேதிதான் ரொம்ப ஆபத்து. மறுநாள் தேறிவிட்ட மாதிரி தோன்றும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். உடனே இறங்குங்கள், சிக்னல் கிடைத்ததும் 108. மிச்சமிருக்கும் காளான், சமைத்ததில் கொஞ்சம், தின்ற நேரம் மூன்றும் டாக்டர் கைக்குப் போக வேண்டும்.