மனப்பாட ஜெபம் மனதிலிருந்து வர

சடங்கை விட்டுவிட்டால் உள்ளான விசுவாசம் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயேசுவே வழக்கப்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனவர் (லூக்கா 4:16). பாரம்பரியத்தைக் காட்டிக் கடவுளின் கட்டளையைத் தள்ளிவைப்பதைத்தான் அவர் கண்டித்தார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்' (கடவுளுக்குக் கொடுத்த காணிக்கை) என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களைப் பற்றி மாற்கு 7-ல் படித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்திலிருந்து தொடங்குங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்லித்தருகிறேன். முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பிக்காமல், ஒரு விண்ணப்பத்தில் நில்லுங்கள். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில், இன்னும் மன்னிக்க முடியாத ஒருவர் நினைவுக்கு வந்தால் அவர் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். அவசரமாக அடுத்த வரிக்குப் போகாதீர்கள். கசப்பு இருந்தால் அதையும் ஆண்டவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். பைபிளின் சங்கீதங்களில் எத்தனையோ ஜெபங்கள் அப்படிப்பட்டவைதான். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் காணிக்கை. மத்தேயு 5:23-24 நேரடியாகவே சொல்கிறது: உங்கள்மேல் ஒருவருக்குக் குறை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகுங்கள். ஆராதனைக்குக் கிளம்பும் முன்பே அவருக்குப் போன் செய்துவிடுங்கள்.

உபவாசத்தை ஊருக்கு அறிவிக்காதீர்கள். வீட்டில் சமைப்பவரிடம் மட்டும் இன்று சாப்பாடு வேண்டாம் என்று சொன்னால் போதும்.