வானில் நகரும் ஒளி: பெயர் வைக்கும் முன் அளந்துவிடுங்கள்

இரவு வானில் நகர்ந்த ஒளி என்னவென்று பிறகு கண்டுபிடிக்க முடியுமா என்பது, அது கண்ணில் இருந்த அந்த ஓரிரு நிமிடத்தில் நீங்கள் என்ன குறித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. "எட்டரை மணி இருக்கும், கிழக்கே போச்சு, ரொம்பப் பெரிசு" என்ற குறிப்பை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

முதலில் நேரம். தெரிந்த உடனேயே கைபேசியில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். படத்தில் ஒன்றும் விழாவிட்டாலும் கோப்பில் நொடி வரை நேரம் பதிவாகிவிடும். மறையும்போது இன்னொன்று.

அடுத்து இடம். "ஒரு கிலோமீட்டர் உயரம்" என்று எழுதாதீர்கள். இருட்டில் தனிப்புள்ளியாகத் தெரியும் ஒளியின் தூரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. தூரம் தெரியாமல் பருமனும் வேகமும் தெரியாது. டிகிரியில் எழுதுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. முழுநிலாவே அரை டிகிரிதான். அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கினால் ஒன்பதில் தலைக்கு நேர்மேல் வந்துவிடும். திசைக்குக் கைபேசித் திசைகாட்டியை மட்டும் நம்பாதீர்கள். மாடிக் கைப்பிடிச் சுவரின் கம்பி, பக்கத்தில் நிற்கும் பைக் எல்லாம் அதைத் திருப்பிவிடும். "எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டியின் இடது ஓரத்துக்கு மேல் மூன்று முஷ்டி" என்று குறித்து, நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். மறுநாள் வரைபடத்தில் அந்தத் தொட்டியின் திசையை நிதானமாக அளக்கலாம்.

உண்மையிலேயே நகர்கிறதா என்பதையும் அந்தத் தொட்டியின் ஓரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தனிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அசையாத நட்சத்திரமும் ஆடுவதுபோல் இருக்கும். மேகம் ஓடினால் வெள்ளிக்கோள் எதிர்ப்பக்கம் ஓடும்.

வேகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் ஏமாறுவீர்கள். சுமார் 420 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 7.7 கி.மீ. போகும் சர்வதேச விண்வெளி நிலையமும், 11 கி.மீ. உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. போகும் பயணிகள் விமானமும் தலைக்கு மேல் வரும்போது ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தெரியும்: நொடிக்கு 1 டிகிரிக்குச் சற்றே கூடுதல். பிரித்துக் காட்டுவது துடிப்பு. விமானம் சிமிட்டும், நிலையம் சூரிய ஒளி பட்டுச் சீராக ஒளிர்ந்து, பூமியின் நிழலுக்குள் புகும்போது நடுவானிலேயே மங்கி மறையும். உங்களை நோக்கி நேராக இறங்கும் விமானத்தின் முன்விளக்கு மட்டும் பல நிமிடம் நகராமல் நின்று, திடீரென்று பக்கவாட்டில் திரும்பும். "நின்று பார்த்துவிட்டுப் பறந்தது" என்று சொல்லப்படுபவற்றை முதலில் இதோடு ஒப்பிடுங்கள்.

நள்ளிரவில் தமிழ்நாட்டின் உச்சி வானில் பளிச்சென்று ஊர்ந்தால் அது விண்வெளி நிலையமோ, இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளோ அல்ல. நம் அட்சரேகையில் அந்த உயரம் அப்போது நிழலுக்குள் இருக்கும். அவற்றைப் பார்க்க ஏற்றது சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் சுமார் இரண்டு மணி நேரம்தான். மணி கோத்ததுபோல் வரிசையாகப் போனால் அண்மையில் ஏவிய ஸ்டார்லிங்க். எரிகல் சில நொடியில் முடிந்துவிடும். அரை நிமிடத்துக்கு மேல் துண்டு துண்டாக உடைந்தபடி மெதுவாகப் போனால் விண்வெளிக் குப்பை எரிகிறது; 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிராவில் தெரிந்தது சீன லாங் மார்ச் ராக்கெட்டின் பாகம், சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையமே விழுந்தது. ஆரஞ்சு நிறத்தில் படபடத்துக் காற்றுப் போக்கிலேயே போவது பறக்கும் காகித விளக்கு. சென்னைப் பக்கம் என்றால் ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுநாளையும் பாருங்கள்.

வீடியோ எடுக்கும்போது ஜூம் வேண்டாம். குவியம் தடுமாறி, புள்ளி ஒளி பெரிய வட்டாகிவிடும். பலர் "பறக்கும் தட்டு" என்று காட்டுவது இதைத்தான். கைபேசியைச் சுவரில் ஊன்றி, கூரை ஓரமோ தென்னைமரமோ படச் சட்டத்துக்குள் இருக்கும்படி எடுங்கள். தெருவிளக்கும் சட்டத்துக்குள் இருந்தால் ஒரு சோதனை: கைபேசியை லேசாகத் திருப்புங்கள். திரையில் விளக்கு இடது பக்கம் நகர, உங்கள் "ஒளி" வலது பக்கம் நகர்ந்தால் அது லென்ஸுக்குள் விழுந்த பிரதிபலிப்பு.

பிறகு ஒப்பீடு. விமானங்களின் பாதையைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் கடந்த 7 நாள் வரை இலவசமாகப் பின்னோட்டலாம். அங்கே ஓடுவது யுடிசி எனும் உலகப் பொது நேரம், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள். ராணுவ விமானங்கள் பல அதில் வராது. செயற்கைக்கோள்கள் எப்போது, எங்கே தெரியும் என்று சொல்லும் ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் ஊரைக் கொடுக்க மறந்தால் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0-க்குக் கணக்குப் போட்டுத் தரும். வானத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தரவு பார்த்த நாளை ஒட்டியதாக இருக்க வேண்டும். பழைய தரவு, தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளை இடம் தள்ளிக் காட்டும்.

5 கி.மீ. தள்ளி இருக்கும் நண்பரை அப்போதே போனில் கூப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. ஒளி 1 கி.மீ. உயரத்தில் இருந்தால் இருவருக்கும் வானத்தின் வேறு வேறு பகுதியில் தெரியும். 400 கி.மீ. உயரம் என்றால் வித்தியாசம் ஒரு சுண்டுவிரல்கூட இருக்காது.

எதனுடனும் பொருந்தாவிட்டால் "அடையாளம் தெரியவில்லை" என்று மட்டும் எழுதி, அளவுகளோடு மூலக் கோப்பையும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதற்குள் பதிவான நேரமும் இடமும் போய்விடும்; டாகுமென்ட்டாக அனுப்புங்கள்.