மார்க்கெட் ஆர்டரா, லிமிட் ஆர்டரா?

பங்கு வாங்கும்போது திரையில் தெரிவது கடைசியாகக் கைமாறிய விலை. உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலை அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் ஆர்டர் போடுமுன் விற்பவர்கள் பக்கப் பட்டியலைப் பாருங்கள்.

100 விலையில் 50 பங்கு, 101-இல் 50, 104-இல் 200 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். மார்க்கெட் ஆர்டரில், அதாவது கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கும் ஆர்டரில், 200 பங்கு கேட்டால் மூன்று படியும் ஏறித்தான் கிடைக்கும். சராசரி விலை 102.25. லிமிட் ஆர்டரில், அதாவது இதற்கு மேல் தரமாட்டேன் என்று விலை குறிக்கும் ஆர்டரில், 101 என்று போட்டால் 100 பங்கு உடனே வரும், மீதி வரிசையில் காத்திருக்கும். வராமலே போனாலும் போகட்டும், புதியவர்களுக்கு லிமிட்தான் நல்லது. வியாபாரம் குறைவாக நடக்கும் பங்குகளிலும், சந்தை திறந்த முதல் சில நிமிடங்களிலும் திரையில் தெரியும் விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி இன்னும் விரியும்.

ஸ்டாப் லாஸ் (விலை குறித்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர்) போட்டுவிட்டோம் என்று முழுதாக நம்பிவிடாதீர்கள். 95-இல் வைத்திருந்தாலும் மறுநாள் சந்தை 90-இல் திறந்தால், 90-ஐ ஒட்டித்தான் விற்கும். குறித்த விலைக்குக் கீழே விற்காத ஸ்டாப் லிமிட் வகை என்றால் விற்காமலே தங்கிவிடலாம்.

எத்தனை பங்கு வாங்கலாம்? இழந்தாலும் தாங்கும் தொகையை, வாங்கும் விலைக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். தொகை 1,000, வித்தியாசம் 5 என்றால் 200 பங்கு. கட்டணம், வரிக்கும் இடம்விட்டு அதிலும் கொஞ்சம் குறைத்தே வாங்குங்கள்.