விட்டுப்போன தூரிகையை மறுபடி பிடிக்க: கடலிலிருந்து தொடங்குங்கள்

தானாகவே வரையக் கற்று, நடுவில் பல வருடம் விட்டுவிட்டவர்களுக்குக் கடல் நல்ல பாடம், ஏனென்றால் முகத்தில் மூக்கு கொஞ்சம் நகர்ந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அலை நகர்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அடிவானக் கோடு மட்டும் சாயக் கூடாது. ஸ்கேல் வைத்தோ மாஸ்கிங் டேப் ஒட்டியோ போடுங்கள், வெட்கமே வேண்டாம்.

பெயின்ட் நிறைய வாங்காதீர்கள். அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம் (பச்சை சாயும் அடர்நீலம்), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), டைட்டானியம் வெள்ளை போதும். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா கலந்தாலே நல்ல சாம்பல் கிடைக்கும், கறுப்பு டியூப் எதற்கு? அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) என்றால் காய்ந்ததும் சற்றுக் கருக்கும், அதனால் கொஞ்சம் வெளிறலாகவே கலக்குங்கள்.

இனிதான் விஷயமே. தூரத்து நீரை நாம் சாய்வாகப் பார்ப்பதால் அது வானத்தைத்தான் அதிகம் பிரதிபலிக்கும், காலடியில் இருக்கும் தெளிந்த நீரிலோ அடியில் உள்ள மணலே தெரியும், ஆகவே மேலிருந்து கீழ்வரை ஒரே நீலத்தை இழுத்தால் அது கடலாகாது, சுவராகிவிடும். எழும் அலையின் மேல் விளிம்பு மெல்லியது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அங்கே பச்சை ஒளிரும். நுரையை முழு வெள்ளையில் அடிக்காதீர்கள் (எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்). முதலில் நீலச் சாம்பல், சுத்த வெள்ளை வெயில் படும் ஓரத்துக்கு மட்டும், அதுவும் கடைசியில்.

அப்புறம், பெரிய கேன்வாஸ் இப்போதைக்கு வேண்டாம். அஞ்சலட்டை அளவுத் தாள், அகலமான தூரிகை, 20 நிமிடம். ஒரே இடத்து அலையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனப் போட்டுப் பாருங்கள், நிறம் எவ்வளவு மாறுகிறதென்று பக்கத்தில் வைத்தால் தெரியும்.