விண்டோஸுக்கு அருகில் லினக்ஸ்: நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத கணினியை வைத்திருப்பவர்கள், இருப்பதை அழிக்காமல் அதன் அருகிலேயே லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் வடிவங்களான உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ நிறுவிப் பார்க்க நினைப்பது நியாயமானது. இந்த முயற்சியில் வரும் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் லினக்ஸைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் அவற்றில் பல, பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பே விண்டோஸுக்குள் பார்த்திருக்க வேண்டிய சிலவற்றைப் பார்க்காமல் விட்டதன் விளைவுகள்.

அவற்றுள் மிகக் கடுமையானது மறையாக்கம் பற்றியது. வட்டிலுள்ளவற்றைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறைத்து வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைத் தாம் இயக்கியதே இல்லை என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஆயினும் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு அமைக்கப்பட்ட பல மடிக்கணினிகளில், ஹோம் பதிப்பாக இருந்தாலும், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்த நிலையில் செக்யூர் பூட்டையோ (நம்பகமான கையொப்பம் உள்ள தொடக்கக் கோப்புகளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) பூட் வரிசையையோ (கணினி எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசை) மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் உள்ளிருக்கும் கோப்புகளைத் திறக்க வேறு வழி இல்லை. ஆகவே விண்டோஸ் அமைப்புகளில் மறையாக்கத்தின் நிலையை முதலில் பாருங்கள். இயக்கத்தில் இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து சாவியை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பதால் பயனில்லை. அதன்பின் மறையாக்கத்தை அணைத்து, அது முழுவதுமாக நீங்கும் வரை காத்திருங்கள். முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து வைக்கவும் இதுவே நேரம்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் இருந்துவரும் இந்த வசதியால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் கருவை வட்டில் உறைநிலையில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணைகிறது. அப்படிப்பட்ட பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். வலிந்து எழுத வைத்தால் கோப்புகள் சிதையலாம். கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் இதை அணைப்பது ஒரு நிமிட வேலை.

இடம் ஒதுக்கும்போது, விண்டோஸின் சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கொண்டே சுருக்குவதுதான் பாதுகாப்பானது. சுருக்கியபின் கிடைக்கும் இடத்தை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாகவே விட்டுவிட வேண்டும்; அதில் புதிய டிரைவ் ஒன்றை உருவாக்கி ஃபார்மேட் செய்தால், லினக்ஸ் நிறுவி அதை வெற்றிடமாகக் கருதாது. எம்பிஆர் என்னும் பழைய பார்ட்டிஷன் பட்டியல் முறையிலுள்ள வட்டுகளில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் இடமில்லை. ஐந்தாவதை உருவாக்க முயன்றால், வட்டை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம்.

பென்டிரைவைப் பொறுத்தவரை, லினக்ஸை நிறுவுவதற்காக இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே அதில் நகலெடுத்தால் போதாது. ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். எப்போதோ இறக்கி வைத்த பழைய ஐஎஸ்ஓவையும் பயன்படுத்தக் கூடாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழைய பூட் கோப்புகளைக் கொண்ட லினக்ஸ்களை செக்யூர் பூட் ஏற்க மறுக்கும்படி செய்துவிட்டது. 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்ற செய்தி திரையில் வந்தால், பெரும்பாலும் புதிய வெளியீட்டை இறக்கிக்கொள்வதே தீர்வு.

விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில் இருக்க, பென்டிரைவைப் பழைய லெகசி முறையில் தொடங்கி நிறுவுவது இன்னொரு தவறு. இரண்டும் தனித்தனியே ஓடும். ஆனால் ஒரே மெனுவிலிருந்து இரண்டையும் தேர்ந்தெடுக்க முடியாது. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரி எந்த முறை என்பதைக் காட்டும். பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இருமுறை தெரிந்தால், அதே முறையைக் குறிக்கும் வரியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறுவி தொடங்கியபின் வட்டே தெரியவில்லை என்றால், அது பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். இன்டெல் கணினிகள் பலவற்றில் வட்டு ஆர்எஸ்டி என்னும் ரெய்டு முறையிலோ, 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பின் பின்னாலோ இருக்கும் (இவை இன்டெலின் வட்டுக் கட்டுப்பாட்டு முறைகள்). பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய் ஏஎச்சிஐ என்ற பொதுவான வட்டு முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்கு வட்டு தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் மாற்றிவிட்டு விண்டோஸைத் தொடங்கினால், பூட் வட்டை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வரும். பலர் விண்டோஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பயாஸ் அமைப்பைப் பழையபடி மாற்றினால் போதும், விண்டோஸ் திரும்ப எழுந்துவிடும். முறையாகச் செய்ய வேண்டுமானால், முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் சாளரத்தைத் திறந்து சேஃப் பூட்டைக் குறியிட்டு, மறுதொடக்கத்தின்போது பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றி, விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழவிட்டு, பின்னர் அந்தக் குறியை நீக்க வேண்டும். சேஃப் மோடில், விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் குறுகிய 'பின்' (PIN) எண் சில வேளைகளில் ஏற்கப்படாது என்பதால், கணக்கின் கடவுச்சொல் கைவசம் இருக்கட்டும்.

பார்ட்டிஷன்களைக் கையால் அமைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்வது. பொதுவாக விண்டோஸ் இதை 100 எம்பி அளவில் உருவாக்கியிருக்கும். சிறியதாக, பெயர் இல்லாமல் கிடப்பதால் வேண்டாத ஒன்றாகத் தோன்றும். விண்டோஸைத் தொடக்கும் கோப்புகள் இருப்பது அங்கேதான். லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளலாம். ஃபார்மேட் பெட்டியில் மட்டும் குறி இருக்கக் கூடாது. தவறி அழித்துவிட்டாலும் உங்கள் கோப்புகள் சி டிரைவில் அப்படியே இருக்கும். விண்டோஸ் நிறுவல் பென்டிரைவின் பழுதுநீக்கும் பகுதியிலிருந்து பூட் கோப்புகளை மீண்டும் எழுதலாம். இதை அறியாமல் பதற்றத்தில் விண்டோஸை மறுபடி நிறுவுவதால்தான் உண்மையான இழப்பு நேர்கிறது. கணினி எழவில்லை என்றால் எதையும் அழிக்காமல், லினக்ஸ் பென்டிரைவை நிறுவாமலே ஓடவிட்டுக் கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

நிறுவல் முடிந்தும் கணினி நேரே விண்டோஸுக்குள் போனால், பயாஸின் பூட் வரிசையில் லினக்ஸை மேலே கொண்டுவர வேண்டும். எந்த இயங்குதளம் என்று தொடக்கத்தில் கேட்கும் லினக்ஸின் கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லையென்றால், 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, கிரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் பட்டியலில் சேரும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கூடுதல் இயக்கிகளையும் (வன்பொருளுக்கான டிரைவர்களையும்) சேர்த்து நிறுவியிருந்தால், நிறுவியபின் வரும் முதல் தொடக்கத்தில் அவற்றின் சாவியைப் பதிவதற்கான மோக் என்ற நீலத்திரை சில நொடிகளே நிற்கும். நிறுவும்போது நீங்கள் கொடுத்த கடவுச்சொல்லை அங்கே பதியாமல் கடந்துவிட்டால், என்விடியா போன்ற இயக்கிகள் ஏறுவதில்லை.

விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால், அது இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு உரிய பிரச்சினை: லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் அதே பிழை மறுபக்கம் போய்விடும்.

லினக்ஸ் வேண்டாம் என்று பின்னர் முடிவெடுத்தால், அதன் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து உடனே அழித்துவிடக் கூடாது. கிரப் தன் அமைப்புக் கோப்பை அந்தப் பார்ட்டிஷனில்தான் தேடும். கிடைக்காவிட்டால் வெறும் கட்டளைத் திரையில் நின்றுவிடும். பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்து, ஒருமுறை தொடங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டபின் அழியுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் எஞ்சி நிற்கும் லினக்ஸின் சிறு கோப்புறையால் விண்டோஸுக்கு எந்தத் தொல்லையும் வராது.