திரைப்பதிவுப் பாடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியில் கணக்கியல் கற்பிக்கும் சிலருக்குத் திரைப்பதிவு, அதாவது கணினித் திரையில் நடப்பதைக் குரலோடு காணொளியாகப் பதிவது, சொல்லிக்கொடுக்க அமர்ந்தபோது, தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்யக் கண்டேன். மைக்கை இயக்க மறப்பதும், பாடத்தின் நடுவே வாட்ஸ்அப் செய்தி எட்டிப்பார்ப்பதும் ஒருமுறை பட்டால் தாமே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீளமான ஒரே காணொளியில் கேள்விகளைச் செருகுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். காணொளிக்குள் கேள்வி வைக்க உதவும் எச்5பி போன்ற கருவிகளில் நாம் செருகும் கேள்வி, நாம் விளக்கும் கருத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை. காணொளியின் எத்தனையாவது நொடி என்ற கணக்கோடு மட்டுமே ஒட்டிக்கொள்கிறது. இதை உணராமல், டேலி என்ற கணக்கு மென்பொருளில் விற்பனை வவுச்சர் (ஒரு விற்பனையின் கணக்குப் பதிவு) பதிவது பற்றிய 42 நிமிடப் பாடத்தை ஒரே கோப்பாகப் பதிந்து, 19 கேள்விகளைச் செருகியிருந்தேன். எடுத்துக்காட்டாக வைத்த பொருள் நெய். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. மத்திய வரி, மாநில வரி இரண்டும் 6-இலிருந்து 2.5 ஆனதை விளக்கி அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பதிந்து ஒட்டினேன். புதிய பகுதி 23 நொடி கூடுதல். அம்பத்தூரிலிருந்து மாணவி ஒருவர் அழைத்தார்: "சார், நீங்க வவுச்சரைத் திறக்கறதுக்கு முன்னாடியே மாநில வரி எவ்வளவுன்னு கேக்குதே!" அந்த இடத்துக்குப் பின்னிருந்த 14 கேள்விகளும் முந்திக்கொண்டிருந்தன, தவறான விடை சொன்னவரைத் திருப்பி அனுப்பும் நொடிகளும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் கையால் நகர்த்துவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

இப்போது ஒரு கருத்துக்கு ஒரு கோப்பு, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல். வெட்டி ஒட்டும் வேலை முற்றிலும் முடிந்த பிறகே கேள்வியைத் தொடுகிறேன். பதியும்போதே, கேள்வி வரவேண்டிய இடத்தில் மூன்று நொடி பேசாமல், சுட்டியையும் அசைக்காமல் இருக்கிறேன். இல்லையேல் கேள்வி வந்து நம் சொல்லைப் பாதியில் அறுக்கும். மறுபதிவு குறுகிப்போனால், அதன் கடைசிக் காட்சியை உறையவைத்துப் பழைய நீளத்துக்கு நீட்டிவிடலாம்.

நேரடியாக எம்பி4-இல் பதிவது

சாதாரண எம்பி4 கோப்பைத் திறப்பதற்கு வேண்டிய அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. ஐப்பசி மழையில் மின்சாரம் போனால், யுபிஎஸ் இல்லாத கணினியில் அதுவரை பேசியது அத்தனையும் திறவாத கோப்பாகிவிடும். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில், பாதியில் நின்றாலும் திறக்கும் எம்கேவி வடிவில் பதிந்து, பின்னர் ரீமக்ஸ் (தரம் குறையாமல் எம்பி4-ஆக மாற்றுவது) செய்துகொள்ளுங்கள்.

வினாக்களை விட்டுவிட்டுப் பதிவேற்றுவது

கேம்டேசியா என்ற திரைப்பதிவு மென்பொருளில் அமைத்த வினாக்கள் வெறும் எம்பி4 கோப்போடு யூடியூபுக்குப் போகா.

குக்கர் விசில்

குரலுக்கு ஒரு தடம், கணினி ஒலிக்கு வேறொரு தடம் என்று தனித்தனியே பதியுங்கள். குரலின் நடுவே விழும் விசிலை, கணினி ஒலியைக் கெடுக்காமல் நீக்கலாம்.

எழுத்தின் அளவு

மாணவர்களுள் பலர் கைப்பேசியில் பார்ப்பவர்கள். விண்டோஸில் திரை அளவை 150 விழுக்காடாக உயர்த்திவிட்டுப் பதியுங்கள்.